திருத்துறைப்பூண்டி டவரில் ரிப்பீட்டர் ஏற்றுவதற்கு முன்: கிளப் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஹாம் நண்பர்களுக்கு,

வணக்கம். வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நம் முன்னால் இருப்பது ஒரே கேள்விதான். திருத்துறைப்பூண்டிக்கு வெளியே நிற்கும் அந்த இன்டர்நெட் டவரில் நம் 2 மீட்டர் ரிப்பீட்டரை ஏற்றலாமா, வேண்டாமா? டவர்க்காரர் நல்ல மனதோடு இடம் தருகிறேன் என்கிறார். வாடகைகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நம்மில் பாதிப் பேர் நாளைக்கே ஏற்றிவிடலாம் என்கிறீர்கள். மீதிப் பேர், இருக்கிற நாலு பேர் பேசிக்கொள்ள இவ்வளவு செலவா என்று கேட்கிறீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்றத்தான் வேண்டும். ஆனால் ஏற்றுவோம் என்ற தீர்மானத்தை இந்த ஞாயிற்றுக்கிழமை நிறைவேற்றக் கூடாது. முதலில் அந்த டவரில் ஒரு ரிசீவரை மட்டும் ஏற்றி, ஒரு மாதம் கேட்க வேண்டும். அதில் தேறினால் மட்டுமே டூப்ளெக்ஸருக்கு, அதாவது ஒரே ஆன்டெனாவில் பேசவும் கேட்கவும் வழி செய்யும் வடிகட்டிக்கு, பணம் கட்ட வேண்டும்.

இதைத் திறந்த மடலாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. கடலோர மாவட்டங்களில் வேறு சில கிளப் நண்பர்களும் இதே மாதிரி ஒரு டவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கும் பயன்படட்டும்.

ஹாம் அல்லாதவர்களும் படிப்பார்கள் என்பதால் சில வரிகள். ஹாம் என்றால் உரிமம் வாங்கி, லாப நோக்கமில்லாமல் ரேடியோவில் பேசும் அமெச்சூர். 2 மீட்டர் என்பது நாம் பேசும் அலையின் நீளம், 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம். ரிப்பீட்டர் என்பது உயரத்தில் உட்கார்ந்துகொண்டு ஓர் அலைவரிசையில் கேட்பதை அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் திருப்பிச் சொல்லும் பெட்டி. கையில் இருக்கும் 5 வாட் வாக்கிடாக்கியில் நேருக்கு நேர் பேசினால் நம் ஊர்ப் பக்கம் சில கிலோமீட்டர்தான் போகும். தென்னந்தோப்பும் வீடுகளும் மறைத்துவிடும். நடுவில் உயரமாக ஒரு ரிப்பீட்டர் இருந்தால், அதே வாக்கிடாக்கி ஒரு தாலுகாவைத் தாண்டிப் பேசும். மொபைல் கம்பெனி வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம்.

இது ஏன் நமக்கு முக்கியம் என்று 2018 நவம்பர் 16-ஐப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியது. விடிந்து பார்த்தபோது மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன, லட்சக்கணக்கான தென்னைகள் போயிருந்தன. கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. முதல் சில நாள் பல இடங்களில் மொபைல் சிக்னலே இல்லை. டவர் நின்ற இடத்திலும் ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. புஷ்பவனத்திலும் வெள்ளப்பள்ளத்திலும் என்ன நிலவரம் என்று திருவாரூரில் இருந்த சொந்தக்காரர்களால் தெரிந்துகொள்ள முடியவில்லை. ஆறுகாட்டுத்துறையில் ஆட்கள் நலமா என்று பைக்கில் யாராவது போய்ப் பார்த்து வந்து சொன்னால்தான் உண்டு. சாலையில் மரங்கள் விழுந்து கிடந்ததால் பைக்கும் போகவில்லை.

2004 சுனாமியின்போது நிலைமை வேறு. போர்ட் பிளேரில் பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவினரும் ஏற்கனவே ஹாம் நிலையம் போட்டிருந்தார்கள். சுனாமி அடித்ததும் அந்தக் குழுதான் அந்தமான் தீவிலிருந்து இந்தியப் பெருநிலத்துக்குச் செய்தி அனுப்பியது. அது எச்.எஃப்., அதாவது வெகுதூரம் போகும் சிற்றலை. அதற்கு டவர் தேவையில்லை, ஒரு கம்பியை இழுத்துக் கட்டினால் போதும், ஆயிரம் கிலோமீட்டர் தாண்டும். நம்மிடமும் எச்.எஃப். செட்டுகள் இருக்கின்றன. சென்னைக்குப் பேசுவது நமக்குப் பெரிய பாடில்லை. தலைஞாயிறிலிருந்து வேதாரண்யத்துக்குப் பேசுவதுதான் பெரிய பாடு. பக்கத்து ஊரோடு, கையடக்க செட்டில், நடந்துகொண்டே பேச வேண்டும் என்றால் வி.எச்.எஃப். ரிப்பீட்டர்தான் (நம் 2 மீட்டர் அந்த வகைதான்) வழி.

சரி, இந்த டவர் அதற்குச் சரியான இடமா?

இடம் என்ற வகையில் இதைவிட நல்லது கிடைக்காது. சேலத்து நண்பர்களுக்கு ஏற்காடு இருக்கிறது, 1,500 மீட்டர் உயரத்தில் சின்னக் குழாயில் ஆன்டெனா கட்டினாலே போதும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வேதாரண்யம் பக்கம் மேடு என்று சொன்னால் கோடியக்காட்டு ராமர் பாதம்தான், அதுவும் ஒரு மணல்மேடு. ஆகவே உயரம் என்பது மனிதன் கட்டியதாகத்தான் இருக்க முடியும். சொந்தமாக டவர் கட்ட நம்மிடம் பணம் இல்லை. இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், உப்புக் காற்றில் அதைப் பராமரிப்பதற்கே கிளப் ஓட்டாண்டியாகிவிடும்.

தூரக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோவின் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். இரண்டு முனைக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்ட வேண்டும். டவரில் 36 மீட்டரில் நம் ஆன்டெனா இருந்தால் அதன் பங்கு சுமார் 25 கிலோமீட்டர். தரையில் நின்று வாக்கிடாக்கியைப் பிடித்திருப்பவரின் பங்கு 5 கிலோமீட்டர். ஆக 30. திருத்துறைப்பூண்டியிலிருந்து நேர்கோட்டில் முத்துப்பேட்டை சுமார் 22 கிலோமீட்டர், மன்னார்குடி 25, திருவாரூர் 27. இதெல்லாம் உள்ளே வந்துவிடும். வேதாரண்யம் சரியாக 30-இல், விளிம்பில் நிற்கிறது. நாகப்பட்டினமும் கோடியக்கரையும் 35-ஐ ஒட்டி, வெளியே.

ஆனால் வேதாரண்யத்தில் ஒரு மாடி வீட்டின் மேல் 9 மீட்டர் உயரத்தில் ஒரு ஜே-போல் ஆன்டெனா (எளிய செங்குத்து ஆன்டெனா) கட்டிவிட்டால் அங்கிருந்து பேசுபவரின் பங்கு 12 கிலோமீட்டராகிவிடுகிறது. மொத்தம் 37. நாகப்பட்டினம் கலெக்டர் அலுவலக மாடியில் ஒன்று, கோடியக்கரையில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாவட்டத் தலைநகரங்களும் கடற்கரையின் கடைசி முனையும் ஒரே ரிப்பீட்டரில் சேர்ந்துவிடும். எனவே ரிப்பீட்டருக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை வேதாரண்யம் பக்கத்துக் கூரை ஆன்டெனாக்களுக்கு ஒதுக்கியே ஆக வேண்டும். கையடக்க செட்டை மட்டும் நம்பிக் கடற்கரைக்குப் போகக் கூடாது.

இங்கேயே இன்னொரு விஷயம். டவரின் மொத்த உயரம் 45 மீட்டர், அதனால் உச்சியிலேயே கட்ட வேண்டும் என்று நம்மில் சிலர் பிடிவாதமாக இருக்கிறீர்கள். 36-லிருந்து 45-க்குப் போனால் நமக்குக் கூடுதலாகக் கிடைப்பது 3 கிலோமீட்டர்கூட இல்லை. அதற்காக முதல் இடி நம் ஆன்டெனாவில் இறங்க வேண்டுமா? உச்சியில் காற்றின் பிடியும் அதிகம். அந்த டவர் சின்ன டிஷ்களைத் தாங்கத்தான் கணக்குப் போட்டுக் கட்டப்பட்டது. நான்கு டைபோல் ஆன்டெனாக்களின் அடுக்கை உச்சியில் மாட்டிவிட்டு அடுத்த கஜாவில் டவரே சாய்ந்தால் அந்த மனிதரின் பிழைப்பும் போகும். 36 மீட்டரில், டவரின் செங்குத்துக் கம்பியிலிருந்து ஒரு கை நீட்டிப் பக்கவாட்டில் கட்டுவோம். அதற்கும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கையெழுத்து வேண்டும், அந்தக் கட்டணத்தை நாம்தான் கட்ட வேண்டும்.

இப்போது நான் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற முறை டவரைப் பார்க்கப் போனபோது நம்மில் மூவர் அடிவாரத்தில் நின்று ஒரு சோதனை செய்தோம். கரியாப்பட்டினத்திலிருந்து நண்பர் ஒருவர் காரில் இருந்த 25 வாட் செட்டில் பேசிக்கொண்டே இருந்தார். சாலையோரம் நின்றபோது குரல் தெளிவாக இருந்தது. கேட்டைத் தாண்டி டவருக்குப் பக்கத்தில் போகப் போக இரைச்சல் ஏறியது. டவரின் காலடியில் இருக்கும் அந்தச் சாம்பல் நிறப் பெட்டிக்கு அருகே செட்டைப் பிடித்ததும் அவர் குரல் சுத்தமாக முழுகிப்போனது. சிக்னல் இல்லாதபோது செட்டை ஊமையாக வைத்திருக்கும் ஸ்குவெல்ச் தானாகத் திறந்துகொண்டு ஓயாமல் ஒரு கரகரப்பு. டவர்க்காரரிடம் கேட்டோம், அவரும் தயங்காமல் ஒரு நிமிடம் அந்த சுவிட்சை அணைத்தார். அணைத்த நொடியே குரல் திரும்ப வந்தது: "...கேட்குதா, கேட்குதா?" மறுபடி போட்டதும் மறைந்தது.

காரணம் புரியாததல்ல. டவர் மேலிருக்கும் வயர்லெஸ் டிஷ்களுக்கு டேட்டாவும் மின்சாரமும் ஒரே லேன் கேபிளில் ஏறுகின்றன. டிஷ் பேசுவது 5 கிகாஹெர்ட்ஸில், அது நம்மைத் தொந்தரவு செய்யாது. கேபிளில் ஓடும் ஈதர்நெட் சிக்னலும், மலிவான பவர் சப்ளைகளின் ஸ்விட்சிங் இரைச்சலும்தான் 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கசிகின்றன. ஷீல்டு இல்லாத கேபிள் அடியிலிருந்து உச்சி வரை ஒரு நீண்ட ஆன்டெனாவாகவே வேலை செய்கிறது. நம் ரிப்பீட்டரின் காது அதற்குப் பக்கத்திலேயே தொங்கப் போகிறது.

இரைச்சல் 10 டெசிபெல் ஏறினால் என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள். ரிப்பீட்டரைத் திறக்க, அதாவது நம் சிக்னலைக் கேட்டு அதை இயங்க வைக்க, இதுவரை 5 வாட் போதுமாயிருந்த இடத்திலிருந்து 50 வாட் வேண்டும். வாக்கிடாக்கியில் 50 வாட் கிடையாது. அதாவது, ரிப்பீட்டர் சொல்வது எல்லோருக்கும் கேட்கும், நாம் சொல்வது ரிப்பீட்டருக்குக் கேட்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் நன்றாக வேலை செய்கிற மாதிரியே தெரியும். அடையாளக் குறி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மோர்ஸில் அழகாக ஒலிக்கும். வெள்ளப்பள்ளத்தில் தண்ணீரில் நின்று கூப்பிடுபவரை மட்டும் அது கேட்காது. உயரம் இருந்தால் போதும் என்று நினைத்து ஏற்றினால் நமக்குக் கிடைக்கப்போவது இதுதான்.

அதனால்தான் ஒரு மாத ரிசீவர் சோதனை கேட்கிறேன். 36 மீட்டரில் தற்காலிகமாக ஒரு சின்ன ஆன்டெனா, கீழே ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளும் (கணினியில் செருகும் மலிவு ரிசீவர்) ராஸ்பெர்ரி பையும் (கையகலக் கணினி). இரவு பகல் இரைச்சல் அளவைப் பதிவு செய்துகொண்டே இருக்கட்டும். மழை பெய்து கேபிள் நனைந்திருக்கும்போது எப்படி, ஜெனரேட்டர் ஓடும்போது எப்படி, மாலையில் எல்லோரும் படம் பார்த்து டேட்டா நெரிசலாகும்போது எப்படி என்று தெரிய வேண்டும். கூடவே நாம் ஒவ்வொரு ஊரிலிருந்தும் வாக்கிடாக்கியில் கூப்பிட்டு, எது பதிவாகிறது, எது இல்லை என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஆயக்காரன்புலம், தோப்புத்துறை, அலையாத்திக் காட்டுப் பக்கம் எல்லாவற்றிலிருந்தும்.

இரைச்சல் இருந்தால் கைவிட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஷீல்டு உள்ள வெளிப்புற லேன் கேபிள் போட்டு இரண்டு முனையிலும் முறையாக எர்த் செய்து, இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையங்கள் மாட்டி, அந்த மலிவு பவர் சப்ளைகளை மாற்றினால் நிறையக் குறையும். அந்தச் செலவை நம் கிளப் ஏற்றுக்கொள்ளலாம். ஷீல்டும் எர்த்தும் இருந்தால் டவர்க்காரரின் உபகரணங்களும் இடிக்கு அவ்வளவு எளிதில் பலியாகாது. அவர் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் இதையெல்லாம் டூப்ளெக்ஸர் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டும், வாங்கிய பிறகு அல்ல.

டூப்ளெக்ஸர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரே ஆன்டெனாவில் 25 வாட்டை வெளியே விட்டுக்கொண்டே, 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி 0.2 மைக்ரோவோல்ட் சிக்னலைக் கேட்க வேண்டும். வெளியே போகும் சக்தி உள்ளே வருவதைப் போலச் சுமார் 300 கோடி கோடி மடங்கு. அதைப் பிரித்து வைப்பது டூப்ளெக்ஸரில் இருக்கும் கேவிட்டிக் குழாய்கள்தான். கைக்கடக்கமான மலிவு டூப்ளெக்ஸர் பெரும்பாலும் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்குச் செய்தது, நம் 600 கிலோஹெர்ட்ஸுக்கு அது தாங்காது. ஆறு கேவிட்டி உள்ளதை வாங்கி, அளவுக் கருவி உள்ளவரிடம் கொடுத்து ட்யூன் செய்துதான் ஏற்ற வேண்டும். கேபிளும் அப்படியே. கிளப்பில் சும்மா கிடக்கும் ஆர்ஜி-213 என்ற சாதாரண கேபிள் சுருளைப் போட்டால் சக்தியில் பாதிக்கு மேல் கேபிளிலேயே போய்விடும். அரை அங்குல ஹார்ட்லைன் (இழப்பு குறைந்த தடித்த கேபிள்) போட்டால் முக்கால் பங்கு மேலே சேரும். செட் மட்டும் பழைய மோட்டரோலா இருந்தால் போதும்.

டிஜிட்டலா அனலாகா என்ற விவாதத்தை இந்த முறை ஒத்திவைப்போம். எல்லோர் கையிலும் பாவ்ஃபெங் வாக்கிடாக்கி இருக்கிறது. சாதாரண எஃப்.எம். போதும். ஆனால் டோன், அதாவது குரலோடு சேர்ந்து வந்தால் மட்டும் ரிப்பீட்டரைத் திறக்கும் ஒரு தாழ்ந்த ஒலி, கட்டாயம் வைக்க வேண்டும். வெயில் காலத்தில் கடல் மேல் டக்டிங் (காற்றடுக்கு ஒரு குழாய் போல அலையை வெகுதூரம் கொண்டுபோவது) உண்டாகும்போது யாழ்ப்பாணத்துப் பண்பலை நம் கடற்கரையில் உள்ளூர் நிலையம் மாதிரிக் கேட்பதை எல்லோரும் அறிவோம். 2 மீட்டரிலும் அதேதான் நடக்கும். டோன் இல்லாவிட்டால் அக்கரை ஹாம்கள் அவர்கள் பாட்டுக்குப் பேச, நம் ரிப்பீட்டர் திறந்துகொள்ளும், நாம் அவர்களுக்குத் தொந்தரவாவோம். அலைவரிசையைத் தேர்வு செய்யும்போதே அந்தப் பக்கத்து நண்பர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை.

அப்புறம் மின்சாரம். டவர்க்காரரின் இன்வெர்ட்டரில் ஒரு பிளக் தருகிறேன் என்கிறார். சாதாரண நாட்களுக்கு நன்றி சொல்லி வாங்கிக்கொள்வோம். புயல் நாளில் அது அவருக்கே போதாது. நமக்கென்று தனியாக 12 வோல்ட் 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி ஒன்று வேண்டும். மூன்றில் ஒரு பங்கு நேரம் ஒலிபரப்பில் இருந்தால்கூட அது ஒன்றரை நாளுக்கு மேல் தாங்கும். 10 வாட்டுக்குக் குறைத்தால் இன்னும் நீளும். கஜாவில் இருட்டு வாரக்கணக்கில் நீடித்ததால் சோலார் பேனலும் வேண்டும். பேனலை டவரில் கட்டாமல் அறைக்குள் வைத்து, புயல் கடந்த பிறகு வெளியே எடுத்து விரிக்கிற மாதிரி வைக்கலாம். சார்ஜ் கன்ட்ரோலரும் இரைச்சல் போடும் ஜாதிதான், அதையும் அந்த ஒரு மாதச் சோதனையிலேயே சேர்த்துப் பார்த்துவிட வேண்டும்.

இடம் தருகிறேன் என்று வாயால் சொன்னது போதாது, எழுத்தில் வேண்டும். அவரை நம்பாமல் இதைச் சொல்லவில்லை. தொழில் கைமாறலாம், டவரை அவர் விற்கலாம். புயல் இரவில் நம் ஆள் போனால் கேட்டைத் திறக்க யார் இருப்பார்? சாவி ஒன்று நம்மிடம் இருக்குமா? டவரில் ஏறுவது யார், நாமா அவருடைய ஆட்களா, ஏறுபவருக்குப் பெல்ட்டும் இன்ஷூரன்ஸும் உண்டா? இதெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதிக் கையெழுத்தாக வேண்டும். இன்னொன்றையும் அவரிடம் இப்போதே பணிவாகச் சொல்லிவிட வேண்டும்: அவருடைய லைன்மேன்கள் இதில் பேச முடியாது. அமெச்சூர் சேவையில் உரிமம் உள்ளவர் மட்டுமே பேசலாம், தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது. இலவசமாக இடம் கொடுத்தவர் பிறகு ஆசையாகக் கேட்டு, நாம் முடியாது என்று சொல்லும் நிலை வரக் கூடாது. அவருக்கே ஆர்வம் இருந்தால் ஹாம் உரிமத்துக்கான ஏஎஸ்ஓசி தேர்வுக்குப் படிக்க வைப்போம். ரிப்பீட்டருக்கு, அலைவரிசை அனுமதி தரும் மத்திய அரசின் டபிள்யூ.பி.சி.யிடம் கிளப் பெயரில் தனி அனுமதி வாங்கும் வேலையும் இருக்கிறது. அது கைக்கு வராமல் ஒரு வாட் கூட ஒலிபரப்பக் கூடாது. ரிசீவர் சோதனைக்கு ஒலிபரப்பு தேவையில்லை என்பதால் அந்த மாதத்தில் விண்ணப்ப வேலையையும் முடித்துக்கொள்ளலாம்.

மீனவ கிராமங்களில் இதைப் பற்றிப் பேசும்போது கவனமாகச் சொல்லுங்கள். படகில் இருக்கும் மரைன் வி.எச்.எஃப். செட்டு வேறு, அதன் 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. நம் ரிப்பீட்டர் அதைக் கேட்காது. கடலில் இருப்பவரை இது காப்பாற்றும் என்று யாரும் வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. கரையில், ஊருக்கும் ஊருக்கும் நடுவே செய்தி கொண்டுபோகத்தான் இது.

யார் பேசப் போகிறார்கள் என்று கேட்கும் மூத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கவலை நியாயமானது. பல ஊர்களில் ஆசையாக ஏற்றிய ரிப்பீட்டர்கள் ஆறு மாதத்தில் ஊமையாகிவிட்டன, கனெக்டரில் உப்புப் பூத்து, பேட்டரி செத்து. அது பழுதானது யாருக்கும் தெரியாமலே போனது, யாரும் கூப்பிடவில்லை என்பதால். நம்முடையதும் அப்படி ஆகாமல் இருக்க வேண்டுமானால் தினமும் காலையில் ஒரு நெட், அதாவது எல்லோரும் குறித்த நேரத்தில் ரேடியோவில் கூடிப் பேசுவது, நடக்க வேண்டும். பத்து நிமிடம் போதும். வேதாரண்யத்திலிருந்து ஒருவர், முத்துப்பேட்டையிலிருந்து ஒருவர், திருவாரூரிலிருந்து ஒருவர் வந்து, மழை எவ்வளவு, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போகலாம். தினமும் அந்தக் குரல்களைக் கேட்பவருக்குச் சிக்னல் கொஞ்சம் மங்கினாலும் உடனே தெரியும். இந்த நெட்டை நடத்த ஏழு பேர், வாரத்துக்கு ஒரு நாள் என்று பெயர் கொடுத்தால் நான் ரிப்பீட்டருக்குக் கை தூக்குகிறேன். ஏழு பேர் கிடைக்காவிட்டால் பணத்தை எச்.எஃப். ஆன்டெனாக்களுக்குச் செலவழிப்போம்.

ஆகவே செயலாளரிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஞாயிற்றுக்கிழமை தீர்மானத்தை, "டவரில் ஒரு மாதம் ரிசீவர் சோதனை நடத்துவது, முடிவைக் கூட்டத்தில் வைத்த பிறகு ரிப்பீட்டர் பற்றி வாக்கெடுப்பது" என்று திருத்திக் கொண்டுவாருங்கள். டாங்கிளும் ராஸ்பெர்ரி பையும் என்னிடம் இருக்கின்றன, தருகிறேன். ஆன்டெனாவும் ஒரு சுருள் கேபிளும் யாராவது கொடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே ஏறி இறங்கும் வேலையை முடித்துவிட வேண்டும், ஐப்பசியில் யாரையும் டவரில் ஏற்ற எனக்குச் சம்மதமில்லை. ஊர் ஊராகப் போய் வாக்கிடாக்கியில் கூப்பிட்டுப் பார்க்க யார் யார் வருகிறீர்கள் என்று கூட்டத்துக்கு முன்பே சொல்லிவிட்டால் பட்டியலை நானே தயாரித்துக் கொண்டுவருகிறேன்.

அன்புடன், 73 (ஹாம் மொழியில் நல்வாழ்த்து),
உங்கள் கிளப் உறுப்பினர் ஒருவன்